இரண்டு பலகைக்கு ஒரு மட்டம்

சாயங்காலம் நாலு மணிக்கு ராசப்பன் வருவதாக இருந்தது. காலையில் போன கரண்ட் உச்சி வெயில் ஏறியும் திரும்பவில்லை.

வீரபாண்டியில் தன் வீட்டை ஒட்டிப் போட்ட அட்டைக் கூரை ஷெட்டுக்குள் நின்றுகொண்டு, வெள்ளியங்கிரி அணைந்து கிடந்த ட்யூப் லைட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு முன்னால் பதினாறு அடி நீளத்தில் இரும்பு ஆங்கிள் சட்டம் தயாராக நின்றது. அதன் மேல் படுக்க வேண்டிய இரண்டு பிளைவுட் பலகைகள் சுவரில் சாய்ந்திருந்தன. இரண்டையும் முனைக்கு முனை ஒட்டி ஒரே பலகையாக்கினால் அதுதான் கட்டிங் டேபிள். ஒட்டுவதற்கு முன் பலகைகளின் விளிம்பில் சின்னச் சின்னப் பள்ளமாகக் காடி வெட்ட வேண்டும். காடி வெட்டும் மிஷினுக்குக் கரண்ட் வேண்டும்.

"வந்துருமுங்களா?" என்று வாசலில் நின்று கேட்டாள் அவன் மனைவி மயிலாள்.

"வராம எங்க போகுது."

"நேத்தும் இதையேதான் சொன்னீங்க."

பெரிய பனியன் கம்பெனி ஒன்றில் கட்டிங் மாஸ்டராக இருந்தவன் வெள்ளியங்கிரி. போன மாதம் வேலையை விட்டுவிட்டான். வீட்டிலேயே டேபிள் போட்டு, வெளிக் கம்பெனிகளின் துணியை வாங்கி வெட்டிக் கொடுப்பது என்று முடிவு. விடும்போது பழைய முதலாளி சிரித்தபடி, "போய்ட்டு வாங்க மாஸ்டர். திரும்பி வர்ற வழி தெரியுமல்லோ?" என்று கேட்டது இன்னும் காதில் இருந்தது. ராசப்பன் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியின் புரொடக்சன் மேனேஜர். அவர் நேராகவே சொல்லிவிட்டார்: "உங்க கையைப் பத்தி எனக்குச் சந்தேகமில்லீங்க மாஸ்டர். டேபிளைப் பத்தித்தான் சந்தேகம். ஒரு லே போட்டு வெட்டிக் காட்டுங்க. சரியா இருந்தா துணி வரும். இல்லீன்னா மன்னிச்சுக்கோணும்." அவர் கை விரித்தால் வேறு யாரும் புது ஷெட்டை நம்பித் துணி தரமாட்டார்கள். பழைய கேட்டில்தான் போய் நிற்க வேண்டும்.

டேபிளைப் பற்றி அவர் சந்தேகப்பட்டதில் நியாயம் இருந்தது. துணியை அடுக்கடுக்காக விரித்துப் போடுவதுதான் லே. கட்டிங் மிஷினின் அடியில் ஒரு தட்டையான தகடு உண்டு. அது லேக்கும் டேபிளுக்கும் நடுவே வழுக்கிக்கொண்டே போகும். மேலே கத்தி நெட்டுக்குத்தாக நின்று ஏறி இறங்கி வெட்டும். இரண்டு பலகை சேருகிற இடத்தில் ஒன்று நகக்கனம் உயர்ந்திருந்தாலும் போதும், தகடு அங்கே 'டக்'கென்று முட்டி நிற்கும். கை தள்ளிக்கொண்டுதான் இருக்கும். கத்தி ஒரு நொடி சாயும். மேலே உள்ள துணி கோட்டில் வெட்டுப்படும், அடியில் உள்ளது விலகிவிடும். பிறகு அந்த முன்பக்கமும் பின்பக்கமும் ஜென்மத்துக்கும் சேராது. ராசப்பனிடம் ஏற்கெனவே இரண்டு பேர் அப்படித்தான் மாட்டினார்கள். அவர்கள் பலகைகளை வெறுமனே ஒட்டவைத்து அடியில் திருகியிருந்தார்கள். மழைக்காலத்தில் ஒரு பலகை லேசாக மேலே வளைந்தது, கதை முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு மர வேலை செய்வது வெள்ளியங்கிரிக்குப் பழக்கம். கட்டில், டி.வி. ஸ்டாண்டு, சமையலறை அலமாரி எல்லாம் அவன் கைதான். அதனால் போன வாரம் கோயமுத்தூருக்குப் போய், வெளிநாட்டுப் பழைய கருவிகள் விற்கும் சந்துக் கடை ஒன்றில், காடி வெட்டும் மிஷினான பிஸ்கட் ஜாயினர் கேட்டான். கடைக்காரர் மூன்றை எடுத்து வைத்தார்.

முதலாவது அமெரிக்காவில் ஓடியது. பார்க்க அத்தனை அழகு. ஆனால் அதன் மேல் நூற்றுப்பத்து வோல்ட் என்று எழுதியிருந்தது. நம் வீட்டு பிளக்கில் நேராகச் செருகினால் அன்றைக்கே புகைந்துவிடும். இரண்டாவது, கிரைண்டரின் மூஞ்சியில் மாட்டிக்கொள்கிற துணைக்கருவி. திருகை இறுக்கிவிட்டு இரண்டு விரலால் ஆட்டிப் பார்த்தான், ஆடியது. மூன்றாவது ஜெர்மனிக்காரன் யாரோ ஓட்டித் தேய்த்தது, பெயிண்ட் உரிந்து கிடந்தது. அதன் உடலை முன்னால் தள்ளினால் பிளேடு வாய்க்குள்ளிருந்து வெளியே வந்தது. விட்டால் ஸ்பிரிங் சீராகப் பின்னால் இழுத்துக்கொண்டது. இடமும் வலமும் ஆட்டமே இல்லை. பலகையின் மேல் படுக்கிற தகடு ஒன்று அதில் இருந்தது. பிளக் செருகாமலிருப்பதை இன்னொரு தடவை பார்த்துவிட்டு, அந்தத் தகட்டுக்கும் பிளேடுக்கும் உள்ள தூரத்தை இடது ஓரத்தில் ஸ்கேல் வைத்து அளந்தான். வலது ஓரத்திலும் அளந்தான். ஒன்றுபோல் இருந்தது.

"என்னங்க, பொண்ணு பாக்க வந்த மாதிரி பாக்கறீங்க?" என்றார் கடைக்காரர்.

"பொண்ணுக்கு ஸ்கேல் வெச்சா அடிச்சுப்போடுவாங்க" என்றான் வெள்ளியங்கிரி. "தகடும் பிளேடும் ஒண்ணுக்கொண்ணு நேரா இருந்தாத்தான் காடி நேரா விழுகும். மத்ததெல்லாம் அலங்காரமுங்க." மூன்றாவதையே வாங்கிக்கொண்டான்.

இப்போது அந்த மிஷின் சட்டத்தின் மேல் சும்மா உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டிய பிஸ்கட்டுகள், காடிக்குள் செருகும் மரச் சில்லுகள். அந்தப் பையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான் காசிமாயன். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவன், கம்பெனியில் வெள்ளியங்கிரிக்கு லே போட்டவன். மாஸ்டர் விட்ட மறுநாளே அவனும் விட்டுவிட்டான்.

"என்னண்ணே இது, கருவாட்டுத் துண்டு கணக்கா இருக்கு. இம்புட்டுத் தட்டை மரமா ரெண்டு பலகையையும் பிடிக்கும்?"

"பையைத் தொறக்காதே. ஈரக்காத்து பட்டா உப்பிரும்." சொல்லும்போதே வெள்ளியங்கிரிக்கு உற்சாகம் வந்துவிட்டது. "காலண்டரிங் உருளையில துணியை இழுத்து உட்டா என்ன ஆகுது?"

"மொத துவைப்புல பழைய அளவுக்குச் சுருங்கிரும்."

"இது அதே கதைதான், தலைகீழா. மரத்தை அமுக்கித் தட்டையாக்கி வெச்சிருக்கறான். பசையில இருக்கற தண்ணி பட்டதும், பழைய கனத்துக்கு வந்துபோடுவேன்னு உப்பும். காடிக்குள்ள அடைச்சு வெச்சா எங்க உப்பறது? ரெண்டு பக்கச் செவுத்தையும் அழுத்திப் புடிச்சுக்கும். நீளத்துல மட்டும் காடி கொஞ்சம் எச்சா, பிஸ்கட்டை விடப் பெருசா இருக்கும். அதனால பலகையை அக்கட்ட இக்கட்ட ஒரு நூல் நகத்திச் சரிபண்ணிக்கலாம். மேல கீழ மட்டும் நகரவே நகராது. நமக்கு வேணுங்கறதும் அதானே?"

"எம்புட்டு நேரத்துல பிடிக்கும்?"

"பசை ஊத்தினாப் பேச நேரமில்லே."

ட்யூப் லைட் கண் சிமிட்டியது.

"வந்துட்டாடி மகராசி!" என்று கத்தினான் காசிமாயன்.

பலகைகளைச் சட்டத்தின் மேல் பக்கத்தில் பக்கத்தில் போட்டார்கள், வழவழப்பான முகம் கீழே இருக்கும்படி. வெள்ளியங்கிரி பென்சிலை எடுத்து, இரண்டு பலகையையும் குறுக்காகத் தாண்டும்படி சின்னச் சின்னக் கோடுகள் இழுத்தான். ஒரு கோடு இரண்டு பலகைக்கும் பொது. கோடு இருக்கிற இடத்தில் ஒரு காடி. பிறகு பலகைகளைப் பிரித்து வைத்தான். மிஷினின் தகட்டைப் பலகையின் மேல் அழுத்தி, வாயை விளிம்போடு ஒட்டி, மிஷினில் இருந்த நடுக்கோட்டைப் பென்சில் கோட்டுக்கு நேராக வைத்தான். சுவிட்சைப் போட்டு, சத்தம் ஏறி நிற்கும்வரை பொறுத்தான். வேகம் வருவதற்குள் தள்ளினால் பல் மரத்தைக் கவ்விக்கொண்டு மிஷின் பக்கவாட்டில் எகிறும். பிறகு இரண்டு கையாலும் தள்ளினான். மரத்தூள் பீய்ச்சி அடித்தது. கையைத் தளர்த்தியதும் ஸ்பிரிங் பிளேடை உள்ளே இழுத்துக்கொண்டது. விளிம்பில் பிறை மாதிரி ஒரு காடி.

"வெண்ணெயில கத்தி விட்ட மாதிரி இருக்குண்ணே."

கடைசிக் காடி விழுந்தபோது மணி ஒன்றைத் தாண்டியிருந்தது. பலகைகளை நல்ல முகம் மேலே வரும்படி திருப்பிப் போட்டார்கள்.

"பசை இல்லாம ஒருக்காச் சேத்துப் பாத்துருவமா?" என்றான் காசிமாயன். "சாம்பிள் வெட்டாம நீங்க கம்பெனியில ஒரு லே தொட்டதில்லையே."

"காயறதுக்கு நேரம் வேண்டாமா? ராசப்பன் வந்து ஈரப் பலகையைப் பாத்தா என்ன சொல்லுவாரு? ஊத்து."

காடிகளின் இரண்டு சுவரிலும் வெள்ளைப் பசை இறங்கியது. ஒரு பலகையில் பிஸ்கட்டுகளைச் செருகி, இன்னொன்றை எதிரே தள்ளினார்கள். லாரிக் கயிற்றை நீளவாக்கில் சுற்றிக் கட்டி, நடுவே கட்டையைச் செருகி முறுக்கினான் காசிமாயன். முறுக்க முறுக்க இடைவெளி மூடியது. பசை கோடாகப் பிதுங்கி வந்தது.

வெள்ளியங்கிரி வேஸ்ட் பனியன் துணியால் அதைத் துடைத்தான். துணி இணைப்பைத் தாண்டும்போது எதிலோ மாட்டி, ஒரு நூல் இழுத்துக்கொண்டது.

மறுபடியும் துடைத்தான். மறுபடியும் மாட்டியது. விரலை வைத்துத் தடவினான். படி இருந்தது. நகக்கனம்தான். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரே மாதிரி.

"என்னண்ணே, மூஞ்சி செத்துப் போச்சு?"

"கயித்தை அவுரு. பிரிக்கோணும்."

கயிற்றை விட்டார்கள். ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தார்கள். பலகை அசையவில்லை. இன்னும் வேகமாக இழுத்தபோது உள்ளே ஏதோ 'நறுக்'கென்றது. வெள்ளியங்கிரி உடனே கையை எடுத்துவிட்டான். பிஸ்கட் உப்பிவிட்டது. இனிமேல் இழுத்தால் பிஸ்கட் வராது, பிளைவுட்தான் பிய்ந்து வரும்.

"முறுக்கு. பழையபடி முறுக்கு" என்றான்.

"தேச்சுச் சமம் பண்ணிரலாமே?"

"மேல் தோலு காயிதக் கனம்தான் இருக்குது. தேச்சா ஓட்டையாயிரும்."

மயிலாள் உள்ளே வந்து இணைப்பில் விரலை வைத்துப் பார்த்தாள்.

எங்கே தப்பு? தகடு ஆடவில்லை. அளவை மாற்றவில்லை. எல்லாக் காடியும் ஒரே தூரத்தில்தான் விழுந்தன. வெள்ளியங்கிரி குனிந்து டேபிளுக்கு அடியில் புகுந்தான். சட்டத்தின் இரும்புகளுக்கு நடுவே கையை நுழைத்து, இணைப்பைக் கீழிருந்து தடவினான். கண்ணாடி மாதிரி இருந்தது. விரல் நுனிக்கு இணைப்பே தெரியவில்லை.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய பலகைகள்தான். ஆனால் ஒன்று ஒரு மில்லி கனம் கூடுதல். மிஷினின் தகடு பலகையின் எந்தப் பக்கத்தில் படுக்கிறதோ அந்தப் பக்கத்திலிருந்துதான் காடியின் தூரம். அந்தப் பக்கம் மட்டமாக வரும். கன வித்தியாசம் முழுக்க எதிர்ப்பக்கம் போய் நிற்கும். மேல்பக்கம் மட்டமாக வேண்டுமென்றால் தகட்டை மேல்பக்கத்தில்தான் வைத்திருக்க வேண்டும். அவன் அடிப்பக்கத்தில் வைத்தான். ஏன் வைத்தான்? துணியில் கோடு போடுகிறவன் நல்ல பக்கத்தில் போடமாட்டான். முகத்தைக் கீழே போட்டு, உள்பக்கத்தில் கோடு இழுப்பான். சாக்குக்கட்டித் தடம் வெளியே தெரியக் கூடாது. பத்துப் பன்னிரண்டு வருஷமாகக் கை அதற்குப் பழகியிருந்தது. மரத்தைப் பார்த்ததும் கை யோசிக்காமல் அதையே செய்துவிட்டது.

மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த இருவருக்கும் இதைச் சொன்னான்.

"அப்ப அடிப்பக்கம் மட்டமா இருக்குதுங்களா?" என்றாள் மயிலாள்.

"இருக்குது."

"அதைத் தூக்கி மேல போட்டுற வேண்டியதுதானுங்களே. தெச்ச பனியனைத் திருப்பிப் போடறாப்பல."

"அடிப்பக்கம் அசிங்கமா இருக்குமே மதினி" என்றான் காசிமாயன். "முடிச்சு இருக்கு, ஒட்டுப் போட்டிருக்கு, கம்பெனி சீல் வேற."

"ராசப்பன் அழகையா பாக்க வர்றாரு? அதுக்கு மேல பேப்பர் விரிச்சுத்தானே லே போடறீங்க?"

பிரச்சினை அழகு இல்லை. பதினாறு அடிப் பலகையை, பசை காயாத இணைப்போடு, எப்படிப் புரட்டுவது? படுக்கை வாட்டில் தூக்கினால் நடுவில் தொய்யும். இணைப்பு வாய் பிளக்கும். வெள்ளியங்கிரி தன் ஸ்டீல் ஸ்கேலை எடுத்துத் தட்டையாகப் பிடித்தான். வளைந்தது. நெட்டுக்குத்தாகத் திருப்பிப் பிடித்தான். வளையவில்லை.

"இப்படித்தான். விளிம்புல நிறுத்திப்போட்டா அதுவே தாங்கிக்கும். நிறுத்தற வரைக்கும், படுக்க வைக்கிற வரைக்கும்தான் ஆபத்து."

மூன்று மணி வரை காயவிட்டார்கள். யாரும் சாப்பிடவில்லை. இணைப்பைத் தாண்டி இரண்டு ஓரத்திலும் ரீப்பர் கட்டைகளை வைத்து கிளாம்ப் போட்டு இறுக்கினார்கள். கயிறு முறுக்கு அப்படியே இருந்தது. பக்கத்து யூனிட்டிலிருந்து இரண்டு பேரைக் கூட்டி வந்தான் காசிமாயன். தூக்கும்போது எல்லோரும் ஒன்றாகத் தூக்க வேண்டும், ஒருத்தன் முந்தினாலும் பலகை முறுக்கிக்கொள்ளும் என்று வெள்ளியங்கிரி இரண்டு தடவை சொன்னான். தூக்கினார்கள். பலகை முனகியது. சட்டத்தை விட்டு நகர்ந்து, நெட்டுக்குத்தாகத் தரையில் நின்றது. இணைப்பு வாய் திறக்கவில்லை.

அப்போதுதான் வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. நாலு ஆகவில்லை. ராசப்பன், தோளில் ஒரு சின்னத் துணி ரோலுடன் உள்ளே வந்தார். ஐந்து பேர் ஒரு பலகையை நிறுத்திப் பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தார்.

"என்னுங்க மாஸ்டர், டேபிள் இன்னும் நின்னுட்டே இருக்குது?"

"படுக்கப் போகுதுங்க" என்றான் வெள்ளியங்கிரி. அந்த நொடியில் இன்னொன்று அவன் மண்டையில் அடித்தது. "இறக்காதீங்க! யாரும் இறக்காதீங்க!"

படி இப்போது அடிப்பக்கம் போய்விட்டது. அப்படியென்றால் கனத்த பலகை சட்டத்தில் உட்காரும். மெலிந்த பலகை ஒரு மில்லி அந்தரத்தில் நிற்கும். கட்டிங் மிஷின் அதன் மேல் ஏறினால் அமுங்கும். அமுங்கினால் இணைப்பு உடையும்.

"மயிலு, பழைய பேட்டர்ன் அட்டை எடு. பட்டை பட்டையா வெட்டு. அக்கட்ட எட்டடிக்கும் ஆங்கிள் மேல வெய்யி."

மயிலாள் கத்திரிக்கோலோடு ஓடினாள். காசிமாயன் பல்லைக் கடித்துக்கொண்டு, "சார், செத்த நேரம் பிடிங்க. பிடிச்சா உங்களுக்கும் டேபிள்ல பங்கு" என்றான். ராசப்பன் சிரிக்கவில்லை. ரோலைக் கீழே வைத்துவிட்டு ஒரு முனையைப் பிடித்தார்.

ஒரு அட்டை மெலிதாக இருந்தது. இரண்டு அட்டையைச் சேர்த்து விரல் நகத்தால் கனம் பார்த்த மயிலாள், "ரெண்டு சரியா இருக்குதுங்க" என்றாள். பட்டைகளை வரிசையாக வைத்துவிட்டு விலகினாள். பலகை மெல்ல மெல்லப் படுத்தது. வெள்ளியங்கிரி இணைப்பில் காதை வைக்காத குறையாகக் குனிந்திருந்தான். ஒரு சத்தமும் இல்லை.

கயிற்றையும் கிளாம்பையும் கழற்றியதும் ராசப்பன் பலகையைப் பார்த்தார். நடுவில் பிளைவுட் கம்பெனியின் ஊதா சீல். இணைப்பு நெடுகப் பென்சில் கோடுகள்.

"அடியை மேல போட்டிருக்கறீங்களே?"

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது. "தப்பா வெட்டிப்போட்டனுங்க. உள்பக்கத்துல கோடு போட்ட பழக்கம். இந்தப் பக்கம்தான் மட்டமா வந்துது. பசை இன்னும் முழுசாக் காயலீங்க. இருந்தாலும் வெட்டறேன்."

ராசப்பன் ரோலை எடுத்து மேலே வைத்தார்.

பேப்பர் விரித்தார்கள். காசிமாயன் லே போட்டான். வெள்ளியங்கிரி பேட்டர்னை வைத்துக் கோடு போட்டு, கட்டிங் மிஷினைத் தூக்கி வைத்தான். கத்தி இரைந்தது. இணைப்பு எங்கே இருக்கிறதென்று துணிக்கு மேலிருந்து தெரியாது. ஆனால் அவன் உள்ளங்கைக்குத் தெரியும். அது நெருங்கியது. தோள் தானாக இறுகியது. 'டக்' என்ற அந்தச் சத்தத்துக்காக ஷெட் முழுக்கக் காத்திருந்தது. மிஷின் போய்க்கொண்டே இருந்தது. கோடு முடிந்துவிட்டது.

"இப்ப அந்தக் கோடியில இருந்து திரும்பி வாங்க" என்றார் ராசப்பன். "மேட்டுல இருந்து பள்ளத்துக்கு எந்த மிஷினும் நல்லாத்தான் இறங்கும். ஏறுதான்னு பாக்கோணும்."

வெள்ளியங்கிரி எதிர்ப்பக்கம் போய் நின்று அடுத்த கோட்டில் திரும்பி வந்தான். நெற்றி வேர்வைத் துளி ஒன்று துணியில் விழுந்தது. மிஷின் நிற்கவில்லை.

ராசப்பன் அடுக்கிலிருந்து மேல் துணியையும் அடித் துணியையும் உருவினார். ஒன்றின் மேல் ஒன்றை வைத்து ட்யூப் லைட்டுக்கு நேரே பிடித்தார். ஓரத்தை முழுக்கப் பார்த்தார். அப்படியே நடுவிலிருந்தும் ஒன்றை உருவிப் பார்த்தார். மயிலாள் புடவை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்குக் காலையில அனுப்பட்டுங்களா?" என்றார்.

வெள்ளியங்கிரியின் உள்ளங்கை இன்னும் பலகையின் மேல் இணைப்பை அழுத்தியபடி இருந்தது. "நாளன்னிக்கு அனுப்புங்க" என்றான். "நாளைக்கு ஒரு நா முழுசாக் காயட்டுமுங்க."

ராசப்பன் முதல் தடவையாகச் சிரித்தார். "செரி, நாளன்னிக்கு."

ஸ்கூட்டர் சத்தம் தெருமுனை தாண்டியதும் காசிமாயன் தரையில் கால் நீட்டி உட்கார்ந்தான். "வந்த துணியையே ஒருநா தள்ளிப் போடுற ஆளை இன்னிக்குத்தான் பாக்குறேன். மதினி, இந்த ஆளுக்கு முதல்ல சோத்தைப் போடுங்க, கிறுக்கு தெளியும்."

"உங்களுக்குந்தான் தம்பீ, கையைக் கழுவிட்டு வாங்க" என்று மயிலாள் உள்ளே போனாள்.